மஞ்சள் கல் கற்றுக்கொண்ட குரல்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. வௌவால் பேசும், ஓணான் பேசும், அதெல்லாம் பெரிய விஷயமில்லை. கல் பேசினால்தான் பயம். அது தூங்காது, வீட்டுக்குப் போகாது, கேட்டது எதையும் மறக்காது.

கடலோரத்தில் புகைந்துகொண்டே இருந்த ஒரு மலை. அதன் அடியில் கந்தகம் பாளம் பாளமாகக் கிடந்தது. ஆண்கள் கிணறு மாதிரிக் குழி வெட்டி, நூலேணியில் இறங்கி, உளியால் அதைப் பேர்த்தார்கள். பெண்கள் மேலே நின்று கூடையை இழுத்தார்கள். குழிக்குள் அழுகின முட்டை நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் நாற்றம் இருக்கிறவரை பயமில்லை. அது சட்டென்று நின்றுபோனால்தான் காற்று விஷமாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு ஆபத்தும் கீழே இருந்தது. அது இந்தக் கந்தகத்தின் வாய். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது, எல்லாம் திருட்டுக் குரல். குழிக்குள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு இருட்டு மூலையிலிருந்து, வேண்டியவர்களின் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பக்கம் போனவன் திரும்பியதில்லை. கல்யாணமாகாத பையன்கள் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் தெரியுமா? ஆத்தா கூப்பிடுகிறாள் என்றுதான் போனார்கள்.

கல்யாணமானவன் மட்டும் தப்பித்தான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். "ஏங்க" என்பாள், "இந்தாங்க" என்பாள், பேர் மட்டும் வாயில் வராது. கல்லுக்கு இந்த முறையெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அது பெண்டாட்டி குரலில் அழகாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். "போ கழுதை, நீ அவ இல்ல" என்று சொல்லிவிட்டு இவன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பான். அதனால் கல்யாணம் கட்டாதவனைக் குழியில் இறக்குவதில்லை என்றே ஊரில் முடிவு செய்துவிட்டார்கள்.

தவசிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பெண்டாட்டி ஒச்சாயி. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் கஞ்சி குடிக்க மேலே ஏறி வந்துவிட்டார்கள். தவசி மட்டும், "இந்த ஒரு பாளத்தைப் பேத்துட்டு வாரேன்" என்று கீழேயே நின்றுகொண்டான். ஒச்சாயி கஞ்சிக் கலயத்தோடு குழி வாயில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சுள்ளென்று அடிக்கிற வெயிலில் ஒரு வௌவால் குழியிலிருந்து வெளியே வந்து விழுந்தது.

"என்னடா இது, பட்டப்பகல்ல?" என்றாள் ஒச்சாயி.

"கீழ நாத்தம் நின்னுபோச்சு" என்றது வௌவால். "என் பிள்ளைங்க ரெண்டும் பாறை இடுக்குல இருந்து விழுந்துருச்சு. எழுப்பினேன், எழுந்திருக்கலை."

ஒச்சாயி கலயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். குழிக்குள் தலையை விட்டுக் கத்தினாள். "ஏங்க! மேல வாங்க! காத்து கெட்டுப்போச்சு!"

கீழே உளிச் சத்தம் டங் டங் என்று கேட்டது; வேலை மும்முரத்தில் நாற்றம் நின்றதை அவன் கவனிக்கவில்லை போலும். அந்தச் சத்தத்தில் இவள் கத்தியது எங்கே காதில் விழும்? மறுபடி கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். டங், டங். அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஆறு வருஷமாக நாக்குக்குக் கீழே வைத்திருந்த பேரை எடுத்து வீசினாள்.

"தவசீ!"

உளி நின்றது. அப்பாடா, காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது. கீழேயிருந்து அவன் சிரித்தான்.

"ஏ கல்லே, இத்தனை வருஷமாகியும் உனக்குப் புத்தி வரலையே. என் பொண்டாட்டி செத்தாலும் என் பேரைச் சொல்ல மாட்டா."

"ஐயோ, நான்தாங்க! ஒச்சாயிங்க!"

உடனே குழியின் மூலையிலிருந்து அதே குரல், அதே பதற்றத்தோடு, "ஐயோ, நான்தாங்க! ஒச்சாயிங்க!" என்றது. அந்த நிமிஷமே கற்றுக்கொண்டுவிட்டது பாவி.

"இப்ப ரெண்டு பேரா வந்துட்டீங்களா?" என்று தவசி மறுபடி உளியை எடுத்தான். டங். டங். கொஞ்ச நேரத்தில் இடைவெளி கூடியது. டங். அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒச்சாயி ஏணியில் கால் வைத்தாள். பத்துப் படி இறங்குவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொல்லன் பெண்டாட்டி பொம்மி ஓடிவந்து, அவள் கொண்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டாள். இல்லாவிட்டால் அவளும் அன்றைக்கே போயிருப்பாள்.

உடம்பை எடுக்க யாரும் இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம் குழிக்குள்ளிருந்து தவசியின் குரல் கேட்டது.

"ஒச்சாயி, கஞ்சி கொண்டாந்தியா?"

ஊரே குழி வாயில் கூடிவிட்டது. அவளுக்குச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை பாருங்கள். புருஷன் பெண்டாட்டியைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவான். தினமும் மத்தியானம் அந்தக் குரல் வந்தது. பசிக்குது என்றது. இருட்டா இருக்கு என்றது. ஏன் வரமாட்டேங்கிற என்றது. அது அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எழுந்து இரண்டடி நடந்துவிடுவாள்.

"குழியை மூடிருவோம்" என்றார்கள் ஊரார்.

"மூடினா உள்ள கூப்பிட்டுக்கிட்டேல்ல கிடக்கும்?" என்றாள் ஒச்சாயி. "அவர் குரல் மண்ணுக்குள்ள கிடக்க வேண்டாம். நான் வெளிய எடுக்கப்போறேன். இறங்காமலே எடுக்கப்போறேன்."

அடுப்போரம் வைத்த கந்தகம் பாகு மாதிரி உருகுவதை அவள் பார்த்திருக்கிறாள். அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

"கீழ அவன் கிடக்கானேடி, வெந்நியை ஊத்துறேங்கிறியே" என்று பொம்மி அழுதாள்.

"அவர் போயிட்டாருக்கா. இப்பக் கத்துறது திருட்டுக் கல்லு."

வெந்நீரை ஊற்றினார்கள். கீழேயிருந்து தவசியின் குரல், "இதமா இருக்கு, ஒச்சாயி. இன்னும் ஊத்து" என்றது. கேட்ட பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கொதிக்கிற தண்ணீர் அந்தக் கல்லுக்குப் போதவில்லை.

ஒச்சாயி விடுவதாக இல்லை. அண்டாவுக்கு மூடி போட்டு, களிமண்ணால் பூசி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். ஆவி போக வழியில்லாமல் தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிக் காய்ந்தது. பொம்மியின் புருஷன் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூங்கில் செருகிக் குழியில் இறக்கினான். வெளி மூங்கிலில் அந்தப் பேய்ச்சூட்டுத் தண்ணீர் இறங்கியது. உருகியதை மேலே தள்ள, நடுவிலிருந்த சின்ன மூங்கிலில் பொம்மி துருத்தி வைத்துக் காற்றை ஊதினாள்.

கீழே அந்த நக்கல் பேச்சு நின்றது. "ஒச்சாயி, சுடுது" என்றது அவன் குரல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விறகைத் தள்ளினாள். கண்ணீர் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

"நிறுத்து" என்றது கல், எல்லாருடைய குரலிலும் ஒரே நேரத்தில். "அவன் குரலை மட்டும் பிரிச்சுத் தர என்னால ஆகாது. எல்லாம் கலந்துபோச்சு."

"அப்ப நீ மொத்தமா வா" என்றாள் ஒச்சாயி.

மிச்சமிருந்த மூங்கில் வழியாகக் கந்தகம் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. தேன் நிறம். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது ஒரு குரல் கேட்டது. காணாமல் போன பையன்கள், கூடை இழுத்த பெண்கள், என்றோ செத்துப்போன ஆத்தாமார். ஊரே அழுதுகொண்டு கேட்டது. மணலில் வெட்டிய பள்ளங்களில் ஓடி, ஆறி, அது மஞ்சள் கட்டிகளாக இறுகியது. தொண்டை வெந்துபோனதால் கல்லின் பேச்சு நின்றுவிட்டது. குழியும் அமைதியானது.

ஒச்சாயி கட்டி கட்டியாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. நூறு கட்டி பார்த்திருப்பாள். கடைசியில் அலுத்துப்போய் ஒன்றை உள்ளங்கையில் மூடியபடி உட்கார்ந்துவிட்டாள். கைச்சூடு அதற்குள் இறங்கியது. உள்ளே சிட் என்றது. சிட், சிட் என்று மெதுவாக. காதருகே கொண்டுபோனாள். யாரோ பேச வாயெடுக்கிற மாதிரி இருந்தது.

"சொல்லுங்க" என்றாள். "நான்தான், நிஜமா நான்தான்."

"ஒ..." என்றது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். படீரென்று கட்டி இரண்டாக உடைந்தது.

அன்று முதல்தான் கந்தகத்துக்காக அங்கே யாரும் பூமிக்குள் இறங்குவதில்லை. சூட்டுத் தண்ணீரைக் கீழே அனுப்பி, அதையே மேலே வரவைக்கிறார்கள். வந்த கட்டியைக் கைக்குள் மூடிக் காதோரம் வைத்தால், இன்றும் அது சிட் சிட் என்று ஏதோ சொல்ல வருகிறது. கேட்கிறவர்களின் கைச்சூடு தாங்காமல், சொல்லி முடிப்பதற்குள் உடைந்துபோகிறது.