நெய்ப்பானையும் நாட்டுத் தலைவர் பதவியும்

ஒரு நாட்டுக்குத் தலைவராக என்னென்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? படிப்பா? வீரமா? செங்காட்டு நாட்டில் அதை அமைச்சர் நல்லசிவம்தான் முடிவு செய்தார்.

ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. "எனக்கு வயதாகிவிட்டது, இனி ராஜாவே வேண்டாம். ஐம்பது ஊர்த் தலைவர்களும் ஓட்டுப் போட்டு ஒரு நாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும். யார் யார் நிற்கலாம் என்று எழுதிக் கொண்டுவாரும்" என்றார்.

அமைச்சர் எழுதினார். இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயது முடிந்திருக்க வேண்டும். பத்து ஊர்த் தலைவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை நியாயம்தான். கடைசியில் ஒன்றைச் சொருகினார்: அரண்மனைச் சம்பளம் வாங்கும் எவரும் நிற்கக் கூடாது.

இடுப்பில் கடைக்குட்டியோடு நின்ற பூங்காவனத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது தனக்கு வைத்த வேட்டு! ராஜாவுக்கு யோசனை சொல்பவள் அவள். ஆனால் பெயருக்கு அவள் பார்த்த வேலை நெய்க்கிடங்கு மேற்பார்வை. சம்பளம், மாதம் ஒரு பானை நெய். அவளை வெட்டிவிட்டால் மிச்சம் ஒரே ஆள், அமைச்சரின் மச்சான் தங்கப்பழம். ஏரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மீனை விற்று, தண்ணீரை விற்று, மதகுப் பலகையையும் கழற்றி விற்ற மகராசன். நாடே கையில் கிடைத்தால்?

ராஜாவிடம் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். "உன் இடத்துக்கு நீயே ஆள் பார்த்து வை" என்றார் ராஜா. அவள் நேராகத் தங்கப்பழத்திடம் போனாள்.

"அண்ணே, பிள்ளையை வெச்சுக்கிட்டு முடியல, நெய்க்கிடங்கு வேலையை விட்டுட்டேன். நம்பிக்கையான ஆள் இருந்தாச் சொல்லுங்களேன்."

"வேலை என்னம்மா?"

"காலையில பானை மூடியைத் திறந்து மோந்து பார்க்கணும்."

"அப்புறம்?"

"மூடிடணும்."

"சம்பளம்?"

"மாசம் ஒரு பானை நெய். முதல் பானை இன்னைக்கே."

"வேற ஆள் எதுக்கும்மா? ஏட்டைக் கொண்டா!"

கையெழுத்துப் போட்டான். பானையைத் தூக்கினான். அமைச்சரைக் கட்டிய அக்காளிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் பங்கு கேட்பாளே!

மறுநாள் சபையில் இரண்டே மனுக்கள். அமைச்சர் அவள் மனுவைப் புரட்டினார்.

"வயசு சரி. பிறந்த ஊர் சரி. ஏரித் தண்ணி பாயாத பத்து ஊரும் கையெழுத்துப் போட்டிருக்கு, அதுவும் சரி. ஆனா அரண்மனை நெய்யில தாளிக்கிறியே தாயி!"

"விட்டுட்டேனுங்க."

"பொய்! நேத்துகூட ஒரு பானை குறைஞ்சிருக்கு. மகாராஜா, சம்பள ஏட்டை இங்கேயே வாசிக்கச் சொல்லுங்க. அதுல யார் பேர் இருக்கோ, அவங்க மனுவைக் கிழிச்சுடணும்!"

கணக்கர் வாசித்தார். "நெய்க்கிடங்கு மேற்பார்வை, தங்கப்பழம். ஒரு பானை பெற்றுக்கொண்டேன்."

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். மச்சான் மீசை நெய்யில் பளபளத்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கையாலேயே தங்கப்பழத்தின் மனுவைக் கிழித்தார். மிச்சம் ஒரே மனு. ஓட்டே போடாமல் பூங்காவனம் நாட்டுத் தலைவர் ஆனாள்.

சபை கலைந்ததும் தங்கப்பழம் மெல்ல அவள் பக்கம் வந்தான். அமைச்சர் போய்விட்டாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"தலைவரம்மா, அத்தான் கெடக்கிறாரு விடுங்க. அந்த நெய் வேலையை மட்டும் எனக்கே நிரந்தரமாக்கிக் குடுத்துடுங்களேன்!"