பெயர் மாறிய செல்கள்

நாச்சியப்பன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு, தலை பாதி நரைத்த பிறகு மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை எஸ்தர் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எஸ்தர் அறைக்குள் வந்தால் இவர் தானாக எழுந்து நின்றுவிடுவார்.

ஆய்வகத்தில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். புதிதாகச் செல் வளர்க்கிறவர்கள் முதல் குப்பியை அவரைத்தான் திறக்கச் சொல்வார்கள். எல்லாரும் விஞ்ஞானம் படித்தவர்கள்தான். இருந்தாலும் வளர்த்த செல் செத்துப்போனால் வயிறு எரிகிறதே, என்ன செய்வது?

அந்தக் கைராசியில், நுரையீரல் செல்களை வைத்து அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகமெல்லாம் சுற்றியது. யார் யாரோ தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். எத்தனை பேர் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையைக் காலையில் காபிக்கு முன்னால் போனில் பார்த்துவிடுவார். கூடியிருந்தால் அன்றைக்குக் கால் தரையில் பாவாது. அவரைப் பேராசிரியராக்குவதா என்று முடிவு செய்ய இப்போது ஒரு குழு கூடவிருந்தது. குழுவின் முன் வைக்க அவரிடம் இருந்தது அந்த எண்ணிக்கை ஒன்றுதான்.

அந்தச் சமயம் பார்த்து, ஒரு கருத்தரங்கில் தெய்வானை என்ற ஆராய்ச்சி மாணவி அவரைத் தேடிவந்தாள். அவர் செய்த சோதனையையே திரும்பத் திரும்பச் செய்கிறாளாம், அந்த முடிவு மட்டும் வரவே மாட்டேன் என்கிறதாம். ஆராய்ச்சியையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"எனக்குக் கைராசி இல்லபோல சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் மனசு கேட்காமல் தன் பழைய செல்களை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். வந்த விடை அவரை உலுக்கிவிட்டது. அவை நுரையீரல் செல்களே இல்லை. என்றோ பக்கத்துக் குப்பியிலிருந்து ஒரு துளி தெறித்திருக்க வேண்டும். அதில் வந்த வேறு செல்கள் வேகமாகப் பெருகி, இருந்தவற்றை இல்லாமல் செய்து, அதே பெயரில் குடியிருந்துவிட்டன.

அதற்குப் பிறகு அவர் நடந்ததெல்லாம் தூக்கத்தில் நடப்பது மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் அந்த எண்ணிக்கை தண்ணீரில் மிதந்து போகும். இவர் கை நீட்டுவார், அது இன்னும் கொஞ்சம் கூடிக்கொண்டு நகர்ந்துபோகும்.

கடைசியில் எஸ்தரிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"கட்டுரையத் திரும்ப வாங்கிக்கணுமா மேடம்? இல்ல, குழு கூடி முடியிற வரைக்கும் பேசாம இருந்துடலாமா?"

எஸ்தர் எழுந்தார். அவரைச் செல் வளர்க்கும் அறைக்கு அழைத்துப்போய், அதே செல்கள் இருந்த குப்பியை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் காற்றாடி இரைகிற சத்தம் மட்டும்தான்.

நாச்சியப்பன் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்குள் செல்கள் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தன. அங்கங்கே ஒன்று உருண்டு திரண்டு இரண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தது. பார்க்கப் பார்க்கத் தானே குளத்தின் அடியில் கிடப்பதுபோல் இருந்தது அவருக்கு. குழு மறந்தது. நேரம் மறந்தது. எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியது.

"என்ன தெரியுது?" என்றார் எஸ்தர்.

"வளருது மேடம். நல்லா வளருது."

"வேற பேர்ல இருந்தோம்னு வளர்றதக் கொறச்சிருச்சா?"

"இல்ல மேடம்."

"வாடிக் கெடக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நாச்சியப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பெயரில் என்ன இருக்கிறது, செல்லும் வளரும், எண்ணிக்கையும் வளரும், மேடமே சொல்லிவிட்டார் என்று நினைத்தார். கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"அப்ப நானும் அதுங்கள மாதிரியே இருந்துட்டுப் போயிடலாம்ங்கிறீங்களா மேடம்?"

எஸ்தர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"அதுங்களுக்கு எதுவும் தெரியாது சார். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே."