வேட்டைக்காரனின் கோட்டு

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

கேட்டவன் ஒதார். ஜார்ஜியாவில் சோவியத் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். திரைக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே பார்த்து, ஆட்சிக்கு ஆகாததை வெட்டச் சொல்வது அவன் வேலை.

கேட்கப்பட்டவர் நதேலா. நாட்டுப்புறக் கதைகளை மட்டுமே படமாக எடுக்கும் பெண் இயக்குநர். அவருடைய முந்தைய படங்களையெல்லாம் ஒதார் குதறிப் போட்டிருந்தான்.

படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து நதேலா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எதை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்? உங்க புதுப் படத்துல என்னமோ இருக்கு. பார்த்துட்டு வீட்டுக்குப் போனேன், சாப்பாடு இறங்கல. தடை செய்யணும்னா காரணம் எழுதணும். எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரல."

"அப்ப விட்டுடுங்க."

"நாளைக்கு எங்க தணிக்கைக் குழுத் தலைவர் பார்ப்பார். நான் விட்டதை அவர் பிடிச்சிட்டார்னா என் வேலை போயிடும். வேலையோட விட்டாங்கன்னாலே பெரிய விஷயம்."

அவன் மிரட்ட வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தான்.

"சொல்லிக் கொடுங்க. இவ்வளவு வருஷமாப் படம் வெட்டுறேன். எனக்குப் படம் பார்க்கவே தெரியலையோன்னு இப்பத்தான் சந்தேகம் வருது."

வெட்டுகிறவன் இப்படிக் கேட்டு நதேலா பார்த்ததில்லை. மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"கண்டுபிடிச்சா நீங்களே வெட்டிக்கோங்க."

படத்தின் கதை எளிமையானது. ஒரு வேட்டைக்காரன், கொம்புகளில் மெழுகுவத்தி எரியும் மானைத் துரத்திக்கொண்டு மலையேறுகிறான். பாறையிலிருந்து விழுகிறான். உடல் கிடைக்கவில்லை. அந்த மலைநாட்டில் அப்படிச் செத்தவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடல் இருக்க வேண்டிய இடத்தில் அவன் உடுப்பை விரித்து வைப்பார்கள். ஊரே சுற்றி உட்கார்ந்து அழும்.

நதேலா படத்தை ஓட்டினார்.

"அந்த மான் யாரு?"

"மான்."

"கொம்புல எதுக்கு மெழுகுவத்தி?"

"கதையில அப்படித்தான் இருக்கு."

"மெழுகுவத்தின்னா தேவாலயம். தேவாலயம்னா மதப் பிரசாரம்."

வெட்டினான். மான் போயிற்று.

மறுபடியும் ஓட்டினார்கள். ஒதார் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னும் இருக்கு. பாறை எதுக்கு இவ்வளவு பெருசா இருக்கு? அரசாங்கத்தைச் சொல்றீங்களா?"

"அந்த ஊருக்குப் போய்ப் பாருங்க. இதைவிடப் பெருசு."

பாறையையும் வெட்டினான். இப்போது வேட்டைக்காரன் எங்கிருந்து விழுகிறான் என்பதே தெரியவில்லை. ஒதாருக்கு அந்தக் கவலை இல்லை.

"இன்னும் இருக்கு."

அழுகிற பெண்களில் ஒருத்தி கேமராவை நேராகப் பார்த்தாள். அவள் பார்வை சரியில்லை என்று அவளையும் வெட்டினான். துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. நதேலா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மேசைமேல் வரிசையாக வைத்தார். கோபப்படவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் மிச்சத் தேநீரை அவன் தலையில் கொட்டியிருப்பேன்.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன். இன்னும் அப்படியே இருக்கு. எப்படி?"

நதேலா எழுந்து வந்தார். அவன் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கினார். அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு, வெட்டியதையெல்லாம் பசை போட்டு ஒட்ட உட்கார்ந்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

"இப்ப பாருங்க."

பேனா இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று ஒதாருக்குத் தெரியவில்லை. கடைசியில் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டான்.

மான் ஓடியது. பாறை வந்தது. ஒரு கம்பளத்தின் மேல் கோட்டை விரித்தார்கள். கைகளை இரண்டு பக்கமும் நீட்டி வைத்தார்கள். காலரைச் சரிசெய்தார்கள். பொத்தான்களைப் போட்டார்கள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். அந்த ஒப்பாரியில் சொல் என்று எதுவும் கிடையாது.

"நிறுத்துங்க."

நதேலா நிறுத்தினார். கோட்டு அப்படியே நின்றது.

"இது யாரோட கோட்டு?"

"வேட்டைக்காரனோடது."

"இல்ல. எங்கப்பாவோடது."

நதேலா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"முப்பத்தேழாம் வருஷம். ஊர் ஊரா ஆளுங்களைப் பிடிச்சிட்டுப் போன நேரம். விடியக்காலையில ரகசியப் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு கேள்விதான், உடனே வந்துடலாம்னாங்க. கோட்டு போட விடல. அது கதவுக்குப் பின்னாடி ஆணியிலயே தொங்கிச்சு. அவர் வரல. செத்துட்டார்னும் யாரும் சொல்லல. அம்மா அழல. அழுதா, யாருக்காக அழறேன்னு கேப்பாங்களே. நானும் அழல. பெரியவனானதும் இந்த வேலைக்கு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட அழுகை. சீக்கிரத்தில் அடங்கவில்லை. நதேலா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எங்கப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப யாரை நினைச்சு எடுத்தீங்க?"

"எங்கண்ணனை."

ஒதார் திரும்பித் திரையிலிருந்த கோட்டைப் பார்த்தான். அதே போலக் கூட்டிப்போகப்பட்ட நதேலாவின் அண்ணனுக்காகவும் யாரும் அழுததில்லை. இந்தப் படம் வெளியே வந்தால்தான் உண்டு.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், நதேலா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

"தேடினதைக் கண்டுபிடிச்சிட்டீங்க. வெட்டுங்க."

ஒதார் அதை வாங்கவில்லை.

"தலைவரும் கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடிக்கட்டும். காரணம்னு என்ன எழுதுவார்?"

மறுநாள் தலைவர் படம் பார்க்க வந்தார். கறாரான ஆள். அவர் இருக்கும் அரங்கில் இருமுவதற்குக்கூட யோசிப்பார்கள். ஒதார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நதேலா பின்வரிசையில் இருந்தார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. தலைவர் எழுந்திருக்கவில்லை. ஒதார் பயந்து செத்தான் என்றே சொல்லலாம்.

"இதுல ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர், வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே.

"ஒரு வேட்டைக்காரன், தோழர். மலையிலேருந்து விழுந்துட்டான். உடம்பு கிடைக்கல."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

தலைவர் அனுமதித் தாளை வாங்கினார். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கோட்டுல, வலது முழங்கையில ஒரு ஒட்டு போட்டிருந்துச்சே. அதை யாரு தைச்சது?"

படத்தில் இருந்த கோட்டில் ஒட்டே கிடையாது. இழை இழையாகப் பார்த்தவன் ஒதார்.

அவன் நதேலாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல இருந்தவங்கதான் தைச்சிருப்பாங்க, தோழர்," என்றான்.