சாமிக்கு முழுங்க வரவில்லை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது தர மாட்டேன். கடைசியில்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் மடத்தில் பந்திக்கு ஒரு முறை உண்டு. முதல் இலை மடத்துத் தலைவரான சாமிக்கு. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை சாமி தன் இலையை மூட மாட்டார். சாமி மூடாமல் யாரும் எழக் கூடாது. விரலில் சாம்பார் காய்ந்து பொருக்குத் தட்டினாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

அந்தப் பந்தியை வருஷக்கணக்காக நடத்தியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. சாமியின் மூத்த சீடர். வாளியும் கரண்டியுமாக நடுவில் நடந்துகொண்டே விரட்டுவார்.

"ஏலே, சோத்தத் திங்கியா, எண்ணுதியா? ஒருத்தனுக்காக ஊரே காத்துக் கிடக்கணுமா?"

இடி மாதிரிக் குரல். அவர் இல்லாத நேரத்தில் அந்த இடியை நான் இடிப்பேன். பையன்கள் அவசரமாக இரண்டு கவளத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நிற்பேன். மடத்தில் என் வாய்க்கு அகப்படாத குரல் கிடையாது. சாமி, சமையல்காரர், வாசலில் மேயும் ஆடு, எல்லாம் வரும். என் பெயர் மாசானம்.

பிறகு அண்ணாச்சிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. நோய் போய்விட்டது என்றார்கள். அண்ணாச்சி திரும்பி வந்தார். அவரோடு வேறு சிலதும் வந்தன.

எச்சில் ஊறாத வாய். எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். இரண்டு விரலுக்கு மேல் திறக்காத தாடை. கழுத்து பலகையாக விறைத்துப்போய், கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். பாயசம் மண் மாதிரி இருக்கிறது என்றார். இடி போய்க் காற்று மட்டும் மிஞ்சியிருந்தது.

சாப்பாடுதான் பெரும் பாடு. சின்னக் கவளமாக எடுத்து ரசத்தில் கரைக்க வேண்டும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, முகத்தை முடிந்த மட்டும் இடப்பக்கம் திருப்பி, ஒரு முழுங்கு. அது பாதியில் நிற்கும். இன்னொரு முழுங்கு. அப்புறம் ஒரு வாய் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்த முறை. தப்பினால் புரையேறிக் கண் பிதுங்கும்.

பந்தி மொத்தமும் கை காய்ந்து காத்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அண்ணாச்சியைச் சுட்டது.

கொஞ்ச நாளில் அவர் எல்லாரோடும் சேர்ந்து இலையை மூட ஆரம்பித்தார். எங்களுக்கு நிம்மதி. சாமி மட்டும் எழுந்து போகிற வழியில் நின்றார்.

"மாசானம், அந்த இலையைப் பிரி."

அண்ணாச்சியின் இலை உப்பியிருந்தது. பிரித்தேன். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இன்னும் இளைத்தால் மறுபடியும் மூக்கில் குழாய்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணாச்சி நேராகச் சாமியிடம் வந்தார். நான் அங்கே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, எனக்குப் பந்தி வேண்டாம். தனி இலை போடச் சொல்லுங்க."

"எங்க?"

"மாட்டுத் தொழுவத்துப் பக்கம். யாரும் பாக்காத இடமா."

"அங்க சாப்பிடுவியா?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மூவருக்குமே தெரிந்தது. அங்கே மாடுதான் சாப்பிடும்.

"இல்லைன்னா கோவில்பட்டிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன் சாமி."

"கேக்க வந்ததைக் கேளு."

அண்ணாச்சி பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டார்.

"இது எப்ப பழையபடி ஆகும்?"

"பௌர்ணமி வரைக்கும் பந்தியில உக்காரு. அப்புறம் போகணும்னா போ."

அண்ணாச்சி போன பிறகு சாமி என் பக்கம் திரும்பினார்.

"அவன் எப்படி முழுங்குதான்? செஞ்சு காட்டு."

எல்லாரையும் எடுத்துக் காட்டியவன் நான். அதை மட்டும் எடுத்ததில்லை.

"வேணாம் சாமி."

"செய்யி."

செய்தேன். தாடை, முகம், முழுங்கு, நிறுத்தம், இன்னொரு முழுங்கு.

"இருமல்?"

இருமினேன். சாமி உற்றுப் பார்த்தார். பிறகு அவரே முயன்றார்.

"தப்பு சாமி. நீங்க தலையைத் தூக்குதீங்க. அது கோழி. அண்ணாச்சி குனிவாரு."

சாமி குனிந்தார். சாயங்காலம் வரை குனிந்தார். நீங்கள் சிரித்தால் அது உங்கள் பாடு. நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

மறுநாள் மதியம். சாமி முதல் கவளத்தை எடுத்தார். தாடை நெஞ்சில் இறங்கியது. முகம் இடப்பக்கம் திரும்பியது. முழுங்கு பாதியில் நின்றது.

பந்தி உறைந்துபோனது.

அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. முகம் கறுத்தது. அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். கேலி என்று நினைத்துவிட்டார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கை இலையின் ஓரத்தைப் பிடித்தது. மூடினால் எழுந்துவிடுவார். எழுந்தால் கோவில்பட்டிதான்.

சாமி இருமினார். நரம்பு புடைக்க, கண்ணில் நீர் தளும்ப இருமினார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக இருமினார்.

அண்ணாச்சியின் கை இலையை விட்டது.

"சாமி! என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லப்பா. எறங்க மாட்டேங்கு."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

அண்ணாச்சியின் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிய அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பந்தியில் போட்ட இலையை நகர்த்தக் கூடாது. அண்ணாச்சி நகர்த்தினார். தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெருசா எடுக்காதீங்க. ஏலே, சாமிக்கு ரசம் ஊத்து. இன்னும் ஊத்து. தாடையை நெஞ்சுல ஒட்டுங்க சாமி. முழுங்குங்க. நிக்குதா? நிக்கட்டும், பயப்படாதீங்க. இன்னொண்ணு."

"வரல."

"இங்க பாருங்க."

அண்ணாச்சி ஒரு கவளத்தை எடுத்து முழுங்கிக் காட்டினார்.

"மறுபடி காட்டு."

காட்டினார். காட்டிக் காட்டியே அவர் இலை காலியானது. சாமியின் இலையில் இன்னும் பாதி இருந்தது. எல்லாரும் காத்திருந்தோம். சாமிக்காக.

தினமும் இப்படியே. பந்தியில் கடைசி ஆள் இப்போது சாமி. சாமியைப் பார்த்து முணுமுணுக்க யாருக்குத் துணிச்சல்? அண்ணாச்சி சாமிக்கென்று தயிரை இளக்கினார், இட்லியைப் பாலில் ஊறவைத்தார், பதம் பார்க்கத் தானும் தின்றார். ஆனால் கவலையில் அவர் கண் இடுங்கிக்கொண்டே வந்தது.

"சாமி, நாளைக்கே டாக்டரைப் பாத்துருவோம்."

"பௌர்ணமி கழியட்டும்."

"நானும் இப்படித்தான் பொங்கல் கழியட்டும், கோயில் கொடை கழியட்டும்னு…" காற்றுக் குரல் பாதியில் நின்றது. அண்ணாச்சி சாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். "தள்ளிப்போடாதீங்க சாமி. நான் பட்டதை நீங்க படக் கூடாது."

சாமி குனிந்து அவரை எழுப்பினார்.

அண்ணாச்சி போனதும் மெல்லச் சொன்னேன். "சாமி, ரொம்பத் தூரம் போகுது. சொல்லிருவோமா?"

"பௌர்ணமி வரைக்கும் வாயை மூடு."

பௌர்ணமிக்கு முந்தின நாள் அண்ணாச்சி காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். தன் எடையையும் பார்த்துவிட்டு, சாமிக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பஸ் சத்தம் அடங்கியதும் சாமி கூப்பிட்டார்.

"மாசானம், சமையல்கட்டுல கைமுறுக்கு இருக்கா?"

பாவம், எத்தனை நாளாகக் கரைத்த சோறு! தட்டோடு கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினோம். சாமி ஒரு முறுக்கை உடைத்து வாய் நிறையப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தி மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"சாமி."

அண்ணாச்சி!

சாமியின் வாய் முழுக்க முறுக்கு. பேச முடியாது. என்னைப் பார்த்தார். தன் வாயைக் காட்டினார். என் வாயைக் காட்டினார். புரிந்தது. சாமியின் குரலை எடுத்தேன்.

"யாரு, ஆவுடையாவா? அதுக்குள்ள வந்துட்டியே."

"ஆமா சாமி. டாக்டரு நாளைக்கு உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. காருக்கும் சொல்லிட்டேன்."

"என்னப்பா அவசரம்?"

"அவசரந்தான் சாமி." கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "என் எடையையும் பாத்தாங்க. ஏறியிருக்காம். குழாய் வேண்டாம்னுட்டாங்க. எப்படி ஏறிச்சுன்னே எனக்குத் தெரியல சாமி."

அண்ணாச்சிக்கு எடை ஏறியதில் சாமிக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த முறுக்கைக் கடித்துவிட்டார். நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நல்லது ஆவுடையப்பா, ரொம்ப…"

கடக்.

"…நல்லது."

வெளியே சத்தமே இல்லை.

"சாமி."

"என்னப்பா?" கடக்.

"பேசுத வாயும் கடிக்கித வாயும் ஒண்ணா சாமி?"

கதவு திறந்தது. சாமி கையில் அரை முறுக்கு. தாடியெல்லாம் தூள். பக்கத்தில் நான், திறந்த வாயோடு.

அண்ணாச்சி முறுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

"தொண்டையில ஒண்ணுமே இல்லையா சாமி?"

"ஒண்ணுமில்ல."

"சத்தியமா?"

சாமி மீதி முறுக்கை வாயில் போட்டார். மென்றார். ஒரே முழுங்கில் இறக்கினார். வாயைத் திறந்து காட்டினார்.

அண்ணாச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் அந்தச் சத்தம்.

சிரிக்கிறார்! இரண்டு விரல் அளவுதான் திறக்கிற வாய். அதில் அடங்காத சிரிப்பு. இதுதான் நான் சொன்னது. அந்தச் சிரிப்பை அன்றிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். என் வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். பாட்டிலை மூடினார்.

"அப்ப, நான் அன்னைக்குக் கேட்டது சாமி? பழையபடி ஆகுமா?"

வெளியே பந்தி மணி அடித்தது. சாமி தாடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"என் பக்கத்து இலை உன்னது. வா. அந்த ரெண்டாவது முழுங்கு எனக்கு இன்னும் பிடிபடல."