மேட்டில் ஆடிய துண்டு

கவிஞர் பூவராகனுக்கு ரயில் பைத்தியம். குணவதி அம்மையின் ஆசிரமத்தில் அவர் சீடராகச் சேர்ந்ததே பக்கத்தில் தண்டவாளம் ஓடுவதால்தான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அம்மை அவரைவிட வயதில் இளையவர். அவரும் சேர்ந்து சிரிப்பாரே தவிர, தடுத்ததில்லை.

மாலை ரயில் வரும் நேரத்தில் கவிஞர் மேட்டில் ஏறி நிற்பார். ஜன்னலில் யாராவது கை காட்டினால் தோள் துண்டை எடுத்து ஆட்டுவார். அன்றைக்கு ரயில் போனதும் ஒரு தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

"அம்மா, ரயில் பார்ப்பதும் தியானம்தானே என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு ரயிலே சொல்லிவிட்டது, கேளுங்கள்."

நின்றபடியே படித்தார்.

"போகிறவள்
வந்த திசைக்கே கை நீட்டுகிறாள்.
ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டி
என்னிடம் ஏதோ கத்துகிறாள்.
இரும்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
பாவம், பிறந்த ஊரை விடமுடியாதவள்."

அம்மை ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பார்த்தா கத்தினாள்?"

"ஆமாம். நானும் துண்டை ஆட்டினேன்."

"கை நீட்டியது தண்டவாள வளைவுப் பக்கமா?"

"அந்தப் பக்கம்தானே அவள் ஊர் இருக்கும்?"

அம்மை ஒரு செம்புத் தண்ணீரும் பழைய வேட்டியும் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். கவிஞர் ஒன்றும் புரியாமல் பின்னால் போனார்.

வளைவில், சரளைச் சரிவுக்குக் கீழே, முட்புதருக்குள் ஆடு மேய்க்கும் மாயவன் விழுந்து கிடந்தார். கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. மண்ணெல்லாம் ரத்தம். ரயிலில் இருந்து பார்த்தால்தான் கண்ணில் படும் இடம் அது.

அம்மை வேட்டியைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினார். மாயவன் இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கவிஞரைப் பார்த்தார்.

"சாமி, முள்ளு சந்துல பாத்தேன், மேட்டுல துண்ட ஆட்டுனது நீங்கதான? அதுவரைக்கும் கத்திக்கிட்டேதான் கெடந்தேன். நீங்க ஆட்டுனதும், சரி, நம்மளப் பாத்துட்டாங்க, வந்துருவாங்கன்னு கத்துறத விட்டுட்டேன்."

கவிஞர் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர்க்காரர்கள் வந்து மாயவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். வண்டி கிளம்பும்போது அவர் கவிஞரைப் பார்த்துத்தான் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக் கவிஞருக்குக் கை எழவில்லை.

திரும்பும் வழியில் கவிஞர் தோள் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆசிரமத்து வாசலில் நின்று அந்தத் தாளை நீட்டினார்.

"வெட்கமாக இருக்கிறது அம்மா. கிழித்துப் போட்டுவிடுங்கள்."

அம்மை வாங்கிப் படித்துப் பார்த்தார். அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கடைசி வரி மட்டும்தான் நீங்கள் எழுதியது. மற்றதெல்லாம் அவள் சொன்னது. அதைக் கேட்டுத்தானே நான் எழுந்து போனேன்?"