ஒரு கைத் தண்ணீர்

கடலோரத்து வறண்ட சீமை ஒன்றில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மூன்று கண்மாய்கள் இருந்தன. மேட்டில் இருந்தது சின்னக் கண்மாய். அது நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே தாமரைக் கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து கடலை ஒட்டிக் கிடந்த நெடுங்கண்மாய்க்கு. மறுகால் பாயும் நாட்களில் மூன்றும் ஓயாமல் பேசிக்கொள்ளும்.

சின்னக் கண்மாயை நம்பி நாற்பது வீடுகள் இருந்தன. குடிப்பதும் அதைத்தான், நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவதும் அதைத்தான். மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சியின் பெயர் சாத்தையா. தினமும் காலையில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்த பிறகுதான் அவர் மடையைத் தொடுவார்.

ஒரு கோடையில் கடல், ஓடை வழியாக ஏறிவந்து பேசியது.

"நீங்களும் தண்ணி, நானும் தண்ணி. நடுவுல எதுக்கு இந்த மண்மேடு? கரைங்கிறது பயந்தவங்க போட்டது. உடைச்சிட்டு வாங்க, உலகமே உங்களுக்குச் சொந்தம்."

நெடுங்கண்மாய் அன்றைக்கே கரையை இளக்கிவிட்டது. தாமரைக் கண்மாய் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தது. கடல் உள்ளே புகுந்தது. சித்திரை வெயிலிலும் இரண்டிலும் தண்ணீர் அளவுக்கல்லின் தலைவரை நின்றது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கல்லைப் பார்த்தார்களே தவிர, ஒருவராவது அந்தத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கவில்லை.

"தம்பி, நீயும் வந்துரு," என்று கூப்பிட்டது தாமரைக் கண்மாய். "முழங்கால் தண்ணிய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"நான் யாருக்கும் கதவை அடைக்கலயேக்கா. என் மறுகால் உன்னப் பார்த்துத்தான இருக்கு? கரை போயிட்டா நான் கண்மாயே இல்ல, வெறும் ஈரம்."

"குறுகின புத்தி," என்று கடல் சிரித்தது.

"இருக்கட்டும். உங்களுக்கு மடை எங்க இருக்கு?"

"எனக்கு எதுக்கு மடை?"

"அப்ப, போதும் நிறுத்துன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? இங்க தண்ணி ஒழுங்கா வரலன்னா ஊர்க்காரங்க சாத்தையா வீட்டு வாசல்லயே நின்னு திட்டுவாங்க. நான் கேட்டிருக்கேன்."

கடல் வந்த ஓடை வழியே திரும்பிப் போனது. அதன் பிறகு கீழேயிருந்து பேச்சே வரவில்லை. கொக்குகள்கூடப் பெரிய தண்ணீரைத் தேடிப் போய்விட்டன. சின்னக் கண்மாய்க்கு அழுகையாக வந்தது. எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது நாம்தான் தப்போ என்றும் தோன்றியது. தாங்க முடியாத ஒரு நாளில் கரையிலிருந்து கொஞ்சம் மண்ணை அதுவே உதிர்த்தும் விட்டது.

மறுநாள் சாத்தையா அதைப் பார்த்தார். "என்னப்பா, அலுத்துப்போச்சா?" என்று கேட்டபடி இரண்டு மண்வெட்டி மண் போட்டு மிதித்தார். பிறகு வழக்கம்போல ஒரு கை அள்ளிக் குடித்தார்.

ஆனியில் கடல் உள்வாங்கியது. போகிற போக்கில் இரண்டு கண்மாய்களின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போனது. அதைத் தடுத்துக் கேட்கக் கரையும் இல்லை, மடையும் இல்லை. தரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது.

ஐப்பசி மழையில் சின்னக் கண்மாய் நிறைந்தது. எத்தனையோ மாதம் கழித்து மறுகால் பாய்ந்தது. "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஆசையாக ஓடியது தண்ணீர். தாமரைக் கண்மாயில் பெயருக்கு ஓர் இலைகூட இல்லை. வந்த தண்ணீரெல்லாம் உப்பாகி, உடைந்த கரை வழியே ஒழுகிப் போனது.

"இன்னும் எத்தனை தடவை நீ மறுகால் விட்டா நான் பழையபடி ஆவேன், தம்பி?"

"தெரியலக்கா. நிறையிறப்பல்லாம் விடுறேன்."

அடுத்த கோடையில் கடல் மறுபடியும் ஏறிவந்தது.

"இன்னும் தனியாத்தான் கெடக்கியா?"

"ஆமா, தனியாத்தான் கெடக்கேன். கஷ்டமாத்தான் இருக்கு," என்றது சின்னக் கண்மாய். "ஆனா விடிஞ்சா ஒருத்தர் வந்து ஒரு கை அள்ளிக் குடிக்கிறாரு. இம்புட்டுத் தண்ணி வச்சிருக்கீங்களே, உங்கள யாராச்சும் ஒரு கை குடிச்சிருக்காங்களா?"