சாத்தியிருந்த கதவு

அந்த ஊர் ஜெயிலில் ஒருவன் புரண்டு படுத்தால் வரிசை முழுவதும் புரள வேண்டும். இடம் அவ்வளவுதான். பாதிப் பேர் தூங்கும்போது மீதிப் பேர் சுவரில் சாய்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள்.

ஜெயிலர் தணிகாசலம் மேலிடத்துக்கு நடையாய் நடந்தார். ஒருவழியாகப் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொன்றும் வாங்கினார். மதிலுக்கு வெளியே ஒரு வீடு. விடுதலை நெருங்கியவர்கள் அதில் தங்கலாம். பகலில் ஊருக்குள் வேலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும்.

"ஒருத்தன் திரும்பலைன்னாலும் வீட்டை மூடிடுவோம். எல்லாரும் பழையபடி கொட்டடிக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குக் கதவு மாட்டிய அன்று தணிகாசலம் தன் குருவைத் தேடிப் போனார். குரு உமையாள் அவரைவிட வயதில் இளையவர். ஆற்றோரத்தில் தனியாக இருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பூட்டை உள்பக்கம் போடுறதா, வெளிப்பக்கமா?"

"பூட்டு எங்கே?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தேங்காய் அளவுக்கு இருந்தது.

குரு அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம். ஊறுகாய்ப் பானை மூடி மேலே வைக்க இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்.

"அப்போ கதவுக்கு?"

"சாத்தி வச்சாப் போதும்."

தணிகாசலம் வெறும் பையோடு திரும்பினார். அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை.

முதல் நாள் வேலைக்குப் போனவர்கள் மாலையில் வரும்போது குருவும் வந்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். லாசர் என்ற கைதி சமைத்துக்கொண்டிருந்தான். ஜெயில் வண்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்டுப் போனது. எல்லாரும் வந்தாயிற்று, மாசானத்தைத் தவிர. அவனுக்கு ஊர்க்கோடியில் நாற்றுப் பண்ணையில் வேலை. வண்டி அந்தப் பக்கம் போகாது. அவன் மட்டும் பஸ்ஸில் வர வேண்டும்.

மழை பிடித்தது. சாரல் உள்ளே அடிக்கவும் வார்டர் கதவைச் சாத்திவிட்டார். தகரக் கூரையில் விழுந்த மழை பேச்சையெல்லாம் முழுங்கியது.

தணிகாசலம் பஸ் வரும் பக்கத்து ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. இன்னொன்று நிற்காமலே போனது.

"போயிட்டான்" என்றார்.

"போக மாட்டான் ஐயா" என்றான் லாசர். "கத்தரிக்காய்க் குழம்புன்னு காலையிலேயே சொல்லி அனுப்பியிருக்கேன்."

"உன் குழம்புக்குப் பயந்தே போயிருப்பான்" என்றது ஒரு குரல். மற்றவர்கள் தங்கள் புதுப் பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை காலை நீட்டிப் படுக்கிற அளவு இடம் விட்டு விரித்த பாய்கள்.

மாலைக் கணக்கை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. தணிகாசலம் போனைக் கையில் எடுத்தார். சொல்லிவிட்டால் முடிந்தது.

"அம்மா, நீங்க பூட்டை எடுத்துட்டுப் போனதுதான்..." என்று ஆரம்பித்தார்.

குரு லாசரைப் பார்த்தார். "ஏம்ப்பா, கடைசியா எப்போ நீ ஒரு கதவைத் திறந்தே?"

"நானா? உள்ளே வந்ததிலிருந்து இல்லைம்மா. திறந்து விட்டா வெளியே வரணும், சாத்தினா உள்ளே இருக்கணும். கதவு மேலே கை வச்சா முதுகிலே லத்தி விழும்."

"பழகிப்போச்சு, இல்லையா?"

"கை தானா முதுகுக்குப் பின்னாலே போயிடும்மா."

தணிகாசலம் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். கதவை இழுத்துத் திறந்தார்.

வாசலில் மாசானம் நின்றான். தலை குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எப்போடா வந்தே?"

"மழை பிடிச்ச உடனேயே வந்துட்டேன் ஐயா. அதுக்குள்ளே கதவு சாத்தியிருந்துச்சு. பஸ்ஸை நம்பாம கம்மாக்கரை வழியா நடந்தே வந்தேன்."

"கதவு சும்மாதானே சாத்தியிருக்கு! பூட்டே கிடையாதேடா!"

"தொட்டுப் பாக்கலையே ஐயா. யாராவது திறப்பீங்கன்னு நின்னேன்."

தணிகாசலம் அவனை உள்ளே இழுத்தார். உள்ளே லாசர் கரண்டியால் சட்டியைத் தட்டினான். ஒருவன் துண்டை எறிந்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தணிகாசலம் போனில் "எல்லாரும் வந்தாச்சு சார்" என்றபோது அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் கதவு மறுபடியும் சாத்தியிருந்தது. மாசானத்தைக் காணோம். குருவையும் காணோம்.

"அம்மாதான் அவனை வெளியே கூட்டிட்டுப் போனாங்க" என்றான் லாசர். "யாரும் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

மழை வலுத்தது. தணிகாசலம் இரண்டு முறை கதவருகே போய்த் திரும்பினார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

கதவு ஒரு விரல் அளவு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பிறகு மெல்லத் திறந்து, ஈரக் கை ஒன்று தெரிந்தது. மாசானம் உள்ளே வந்தான். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலேயே குரு வந்தார், தலையிலிருந்து கால்வரை நனைந்து.

லாசர் தட்டை எடுத்து வைத்தான்.

தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. "நான்தான் திறந்துவிட்டேனே அம்மா. எதுக்கு மறுபடியும் போய் நனைஞ்சீங்க?"

குரு முந்தானையைப் பிழிந்தார்.

"நீங்க திறந்தா அது ஜெயில்தானே?"